சின்னதுரை கேபிளின் கடைசி கட்

"லைனைக் கட் பண்ணிட வேண்டியதுதான்" என்று சின்னதுரை முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் இன்னும் பல்கூட விளக்கவில்லை. பெரிய முடிவுகளை எல்லாம் அவர் பல் விளக்குவதற்கு முன்னால்தான் எடுப்பார். விளக்கிய பிறகு எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்க வீட்டில் தையல்நாயகி இருந்தாள்.

விழுப்புரத்தில் காணை ரோட்டுப் பக்கம் ஒரு காலத்தில் அந்தக் 'கட்' என்ற சொல்லுக்குத் தெருவே நடுங்கும். சின்னதுரை கேபிள் விஷன் என்றால் சும்மாவா? இந்த வாரமும் ஏன் பழைய படம் போட்டாய் என்று கேட்டவன் வீட்டுக்குக் கட். திருவிழாவில் எதிரே வந்தும் வணக்கம் சொல்லாதவனுக்குக் கட். கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவர்களுக்கு, கிரிக்கெட் ஃபைனல் அன்றைக்குப் பார்த்துக் கட். அவர்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். சின்னதுரை நாற்காலியில் சாய்ந்தபடி "பாக்கலாம்" என்பார். அந்த ஒரு "பாக்கலாம்" சொல்வதற்காகவே அவர் தொழில் செய்தார் என்றாலும் தப்பில்லை.

பிறகு செட்டாப் பெட்டி வந்தது. பெட்டிக்குப் பின்னால் போன் வந்தது. ஜனங்கள் சின்னதுரையை ஒரு வார்த்தை திட்டக்கூடச் செய்யாமல் மறந்துபோனார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, மொட்டை மாடியில் எட்டடி அகலத்துக்கு வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் துருப்பிடித்த டிஷ். இன்னொன்று, பழைய நாளைப் பார்த்து அதேபோல வாயைப் பிளந்துகொண்டிருக்கும் ஒரு கூட்டம்.

கூட்டத்துக்கு 'பொற்கால ரசிகர் வட்டம்' என்று பெயர். எல்லாரும் தலைக்கு மை பூசுகிற வயது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் யூடியூபில் லைவ் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சின்னதுரை தலைவர். திண்டிவனம் இருதயராஜ் செயலாளர். இந்த இருதயராஜ் அந்த நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர். பாட்டு லிஸ்டும் காலி கேசட்டும் கொடுத்தால் நாம் கேட்ட பாட்டில் பாதியும் அவருக்குப் பிடித்த பாட்டில் பாதியும் பதிந்து கொடுப்பார். கேட்டால் "உன் டேஸ்டு சரியில்ல தம்பி" என்பார். இப்போது அதே கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறார். ஜெராக்ஸில் மட்டும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார், வேறு வழி இல்லை.

இவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் காது குளிர்ந்துபோகும்.

"தலைவரே, அந்தக் காலத்துல ஒரு பாட்டுன்னா, அது ஒரு பாட்டு."

"ஆமாய்யா. ரெண்டு பாட்டுன்னா ரெண்டு பாட்டு."

"இப்ப வர்றதெல்லாம் பாட்டா? தகர டப்பாவ உருட்டி வுட்ட மாதிரி."

"டப்பாவுலகூட ஒரு தாளம் இருக்கும்யா."

"அப்பல்லாம் டிவில ஒரே சேனலு. வெள்ளிக்கிழமை ஆனா தெருவே ஒரு ஊட்டுல உக்காந்து பாட்டு பாக்கும். இப்ப ஆளுக்கு ஒரு போனு, ஆளுக்கு ஒரு மூல."

"குடும்பமே செதறிப் போச்சு இருதயராஜ்."

இப்படிச் சொல்லி இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒருவர் விழுப்புரத்தில் ஒரு மூலையில், ஒரு போனோடு. இன்னொருவர் திண்டிவனத்தில் ஒரு மூலையில், ஒரு போனோடு. ஒரே சேனலில் ஒற்றுமையாக இருந்த தெருவுக்கு இருபது சேனல் இழுத்துவிட்டு வீட்டுக்கு வீடு ரிமோட் சண்டை மூட்டியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பாட்டாவது தெரியுமா என்றால், பல்லவி முதல் வரி தெரியும். அப்புறம் எல்லாம் "தன்னன்னா"தான். அந்தத் தன்னன்னாவுக்கு நூறு பேர் கை தட்டுகிற பொம்மை அனுப்புவார்கள்.

சின்னதுரை இந்த லைவை மாடியில் டிஷ்ஷுக்கு முன்னால் நாற்காலி போட்டுத்தான் பேசுவார். பின்னால் டிஷ் இருந்தால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி தெரிகிறது என்று எவனோ ஒருவன் எழுதிவிட்டான். அன்றிலிருந்து அதற்கு வாரா வாரம் துணி போட்டுத் துடைப்பு வேறு. தையல்நாயகிக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்க்காத மனிதர்.

தையல்நாயகிக்கு அந்த டிஷ் மேல் பாசம் கிடையாது. அவள் அதை 'வாணலி' என்றுதான் சொல்வாள். காணையில் அண்ணன் நிலத்திலிருந்து வருகிற மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காயவைக்க மாடி வேண்டும். வாணலியின் நிழல் பாதி மாடியை அடைத்துக்கொண்டது. மழை பெய்தால் துருத்தண்ணி வழிந்து துவைத்த துணி எல்லாம் கருப்பட்டி நிறம். போன புயலில் அது ராவெல்லாம் கடகடவென்று ஆடியதில் பக்கத்து வீட்டுக் கவிதா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கே போய்விட்டாள். மாமியார் வீடே மேல் என்று ஒருத்தி நினைத்தாள் என்றால் டிஷ் எந்த ஆட்டம் ஆடியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்னாங்க, அடுத்த புயலு வர்றதுக்குள்ள அந்த வாணலிய எறக்கிடலாம்ங்க. கவிதா ஊட்டு மேல உழுந்துச்சுன்னா?"

"அது வாணலி இல்ல. சரித்திரம்."

"சரித்திரம் உழுந்தா மட்டும் தலை ஒடையாதா?"

"ஏ தையலு, நான் இருக்கற வரைக்கும் அந்த டிஷ்ஷு இருக்கும்."

"அதான்ங்க எனக்கும் பேஜாரா இருக்குது" என்றாள் தையல்நாயகி. எதைச் சொன்னாள் என்று சின்னதுரைக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை லைவில்தான் வினை வந்தது. சின்னதுரை ஆண்டெனா திருப்பிய காலத்தைப் பற்றித் தொண்டை கரகரக்கப் பேசிக்கொண்டிருந்தார். தையல்நாயகி படி ஏறி வந்தாள். நேராகக் கேமராவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"என்னாங்க, கீழ பழைய இரும்புக்காரன் வந்துக்கிறான். இத அப்படியே எடுத்துக்குவானாம். தேங்கா எண்ணெ டப்பா, ஒடைஞ்ச பக்கெட்டு எல்லாத்தையும் சேத்துப் போட்டுடட்டா?"

தேங்காய் எண்ணெய் டப்பாவோடு. உடைந்த பக்கெட்டோடு. நூறு பேர் பார்க்கும்போது. சின்னதுரைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஏறினால் அவருக்குப் பேச்சு வரும். வந்தது.

"கேட்டீங்களா ரசிகப் பெருமக்களே? பழைய இரும்பாம்! இந்த டிஷ்ஷு என் சொத்து இல்ல. ரசிகருங்க சொத்து. உண்மையான ஒரு ரசிகன் வந்து கேக்கட்டும், என் தோள்ல தூக்கியாந்து வண்டில வெப்பேன். ஆனா பழைய இரும்புக்காரன் கை இது மேல பட வுட மாட்டேன்."

திண்டிவனத்தில் இருதயராஜ் தேம்பித் தேம்பி அழுதார். கை தட்டுகிற பொம்மைகள் சரம் சரமாக ஏறின. தையல்நாயகி இறங்கிப் போனாள். கீழே இரும்புக்காரனும் இல்லை, ஒரு காக்காயும் இல்லை. அதைச் சின்னதுரை எட்டிப் பார்த்திருக்கலாம். எட்டிப் பார்க்கிற ஜாதியாக இருந்தால் அவர் ஏன் இந்தக் கதையில் வருகிறார்?

நூறு பேர் முன்னால் மானம் போய்விட்டது என்று இரவு முழுக்கப் புழுங்கினார். விடிந்ததும் பல் விளக்காமல் முடிவுக்கு வந்துவிட்டார். கட்.

டிவிக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பெட்டியையே எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பழைய கம்பீரம் எல்லாம் உடம்புக்குள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தையல்நாயகி சீரியல் பார்ப்பதும் அந்த நெட்டில்தான், சமையல் வீடியோ, கோல வீடியோ பார்ப்பதும் அந்த நெட்டில்தான். சாயங்காலத்துக்குள் ஓடி வருவாள். "பாக்கலாம்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. கண்ணாடி முன் நின்று ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

தையல்நாயகி எழுந்து வந்தாள். இருண்டு கிடந்த டிவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நெட்டு இல்லீங்களா?"

"கட்."

"சரிங்க. இட்லிக்கு மல்லாட்டச் சட்னியா, தக்காளிச் சட்னியா?"

சின்னதுரை இதை எதிர்பார்க்கவில்லை. அந்த நாளில் கட் பண்ணினால் யாரும் சட்னியைப் பற்றிக் கேட்டதில்லை. "எதையோ பண்ணு" என்றார். மல்லாட்டச் சட்னி வந்தது. நன்றாகவே இருந்தது. அது வேறு எரிச்சல்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. வீட்டில் நெட் இருக்கும்போது போனுக்கு ஏன் தனியாக டேட்டா போட வேண்டும் என்று சின்னதுரை அதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஆக, வயரைப் பிடுங்கியதில் அவர் போனும், கூப்பிட்டால் பேச முடியும் என்பதைத் தவிர, செங்கல்லாகிவிட்டது. வட்டத்தின் வாட்ஸ்ஆப் குரூப்பில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நேற்றைய முழக்கத்துக்கு எத்தனை பாராட்டு வந்திருக்கும் என்று நினைத்தாலே கை அரித்தது. ஆனாலும் பெட்டியை எடுத்து மாட்டினால் தோற்றதாக ஆகிவிடும். சின்னதுரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெரு ரிப்பேர் கடையில் கேட்டால் கொஞ்சம் நெட் கொடுத்திருப்பார்கள். அந்தக் கடைக்காரனுக்கு அவர் ஒரு காலத்தில் கட் பண்ணியிருந்தார்.

தையல்நாயகி வேலையை முடித்துக்கொண்டு கவிதா வீட்டுக்குப் போனாள். வெகு நேரம் கழித்து வந்தாள். மறுநாளும் போனாள். நெட் இல்லாத ஏக்கத்தில் பெண்ஜென்மம் தெருத் தெருவாக அலைகிறது என்று சின்னதுரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வாசலில் கவிதாவிடமே வாயைக் கிண்டினார்.

"என்னாம்மா, உங்கக்கா உன் ஊடே கதின்னு கெடக்கறா போலக்கிது?"

"ஆமாண்ணே. ஒரே போனுல பேசிக்கினே இருக்குது."

"யாருகிட்ட? அவ அண்ணங்கிட்டயா? அழுதாளா?"

"சிரிச்சுக்கினுதான்ணே இருந்துச்சு."

"வெளிய சிரிப்பா. உள்ள அழுவா. எனக்குத் தெரியாதா, எத்தினி ஊட்டுக்குக் கட் பண்ணினவன் நானு."

கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பாவம், அக்காவை நினைத்து அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார் சின்னதுரை. புத்திசாலி என்று தன்னை நினைப்பவனுக்கு உலகத்தில் எல்லாமே அவன் கட்சிக்குத்தான் சாட்சி.

அன்று சாயங்காலம் தையல்நாயகி அவர் முன்னால் வந்து நின்றாள். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாள். கூடவே கவிதாவும் நின்றாள்.

"என்னாங்க, யோசிச்சுப் பாத்தேன். என்மேலதான் தப்பு. நீங்க சொன்னதுதான் சரி. அது ரசிகருங்க சொத்து. பழைய இரும்புக்காரன இனிமே ஊட்டு வாசல்ல ஏத்த மாட்டேன். சத்தியமா."

சின்னதுரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தத் தருணத்துக்காகத்தான் அவர் நெட் இல்லாமல் தவம் கிடந்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"பாக்கலாம்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க. நான் சத்தியம் பண்ணிட்டேன் இல்ல, நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. ரசிகருங்க வந்து கேட்டாத் தவுர வேற யாருக்கும் தர மாட்டேன்னு. நாளைக்கே நான் ஆசையில புத்தி மாறி வேற எவனுக்காச்சும் குடுக்கச் சொல்லிட்டா?"

பெண்டாட்டி தன்னைத் தானே கட்டிப்போடக் கயிறு எடுத்துக் கொடுக்கிறாள் என்று சின்னதுரை நினைத்தார். கயிறு யார் கழுத்துக்கு என்று பார்க்கவில்லை. கவிதாவைச் சாட்சி வைத்து, தையல்நாயகி நீட்டிய கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார்.

"ரசிகன் வந்து கேட்டா அட்டியில்லாம குடுப்பேன். மத்தவன் எவன் கேட்டாலும் தர மாட்டேன். போதுமா?"

"போதும்ங்க" என்றாள் தையல்நாயகி. "நெட்ட நாளைக்குப் போட்டுக்கலாம், அவசரமில்ல. ஒரு நாள் இருந்து பழகிக்கறேன்."

அடங்கினவள் தானாகக் கேட்டுத் தண்டனையை நீட்டிக்கொண்டதில் சின்னதுரைக்கு அவள் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

மறுநாள் காலை தெருவில் தவில் சத்தம் கேட்டது. சின்னதுரை பிரஷ்ஷும் நுரையுமாக வாசலுக்கு வந்தார். ஒரு குட்டியானை லோடு வண்டி வாழைமரம் கட்டி வந்து நின்றது. அதிலிருந்தும் பின்னால் வந்த பைக்குகளிலிருந்தும் பொற்கால ரசிகர் வட்டமே இறங்கியது. முன்னால் கையில் ரோஜா மாலையோடு இருதயராஜ். கழுத்தில் போன் தொங்கியது. லைவ்.

"தலைவரே! தெய்வமே!" என்று சொல்லி, பேஸ்ட் நுரையோடு நின்றவர் கழுத்தில் மாலையைப் போட்டார் இருதயராஜ். "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? டிஷ்ஷத் திண்டிவனத்துக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டீங்களே."

"நான் எப்பய்யா சொன்னேன்?"

"லைவ்ல சொன்னீங்களே தலைவரே. உண்மையான ரசிகன் வந்து கேட்டா தோள்ல தூக்கியாந்து வெப்பேன்னு." இருதயராஜ் போனைத் தட்டினார். சின்னதுரையின் குரல் தெரு முழுக்கக் கரகரத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது ஒலிபெருக்கி வைத்துக் கெட்டது.

"மறுநா காலையிலயே குரூப்புல கேட்டோம், எங்க ஊட்டு மாடில வெச்சுக் காப்பாத்தறோம்னு. எத்தினி மெசேஜு. அத்தினிக்கும் ஒரு மறுப்பு சொல்லல நீங்க."

"எனக்கு நெட்டு..." என்று சின்னதுரை ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என் வீட்டு நெட்டை நானே பிடுங்கிப் பீரோவில் வைத்தேன் என்று லைவில் எப்படிச் சொல்வது? லைவில் அப்போது முந்நூறு பேர் இருந்தார்கள். அவர் வாழ்நாளில் பார்த்திராத கூட்டம்.

"போன் பண்ணியும் பாத்தேன் தலைவரே. அண்ணிதான் எடுத்தாங்க. நீங்க குளிக்கறீங்கன்னாங்க. அப்புறம் அண்ணியே பக்கத்து ஊட்டு நம்பர்லருந்து கூப்ட்டு வெவரமெல்லாம் சொன்னாங்க. மனசு கனத்துப் போயி இருக்காரு, பேசினா அழுதுடுவாரு, நீங்க பாட்டுக்கு வண்டியோட வந்துருங்க, எறக்கறதுக்கு ஸ்பேனருகூட நானே எடுத்து வெச்சுடறேன்னு."

சின்னதுரை திரும்பிப் பார்த்தார். தையல்நாயகி குளித்துத் தலையில் பூ வைத்து, பட்டுப் புடவை கட்டி, தட்டில் டீ டம்ளர்களோடு நின்றிருந்தாள். பக்கத்தில் கவிதா, ஸ்பேனரோடு.

"தையலு..."

"ரசிகருங்க வந்து கேக்கறாங்கங்க" என்றாள் அவள் மெதுவாக. "கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கீங்க. கவிதா சாட்சி."

"ஆமாண்ணே" என்றாள் கவிதா. "அட்டியில்லாமன்னு சொன்னீங்க."

அதற்கு மேல் சின்னதுரைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டார். மாடியில் போல்ட்டுகள் கழன்றன. ரசிகர்கள் துருவெல்லாம் சட்டையில் அப்பிக்கொண்டு டிஷ்ஷை இறக்கினார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு ஓரத்தைச் சின்னதுரை தோளில் தாங்கினார். லைவில் கை தட்டுகிற பொம்மைகள் பறந்தன. 'தலைவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்' என்று ஒருவன் எழுதினான். ஆனந்தமாவது ஒன்றாவது. நெஞ்சு வெடித்து அழுதார் மனிதர்.

"நீங்களும் ஒரு வார்த்த பேசுங்க அண்ணி" என்று இருதயராஜ் போனை நீட்டினார்.

"நான் என்னா பேசறது. அவரு மனசு பெருசுங்க. அந்த மனசுக்கு இந்த மாடி பத்தாது" என்றாள் தையல்நாயகி.

வாழைமரக் குட்டியானை தவில் முழங்கத் திண்டிவனம் ரோட்டில் மறைந்தது. மதியத்துக்குள் காணையிலிருந்து மல்லாட்டை மூட்டை வந்து இறங்கிவிட்டது. எப்போது சொல்லியனுப்பினாள் என்று சின்னதுரை கேட்கவில்லை. பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்து மாட்டினார். இனி அதைப் பூட்டி வைத்து யாரை என்ன செய்ய? நெட் வந்தது. இரண்டு நாள் மெசேஜும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியது. கடைசியில் ஒரு வீடியோ. திண்டிவனத்தில் மொட்டை மாடி. டிஷ்ஷுக்கு முன்னால் நாற்காலி போட்டு இருதயராஜ் உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றி ஒளிவட்டம்.

சாயங்காலம் மாடியில் தையல்நாயகி மல்லாட்டையைப் பரப்பிக்கொண்டே போனில் பேசுகிற சத்தம் கேட்டது. சின்னதுரை படியில் நின்று காதைக் கொடுத்தார். எதிர்ப்பக்கம் இருதயராஜின் மனைவி சவுரியம்மாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அழுகை தெளிவாகவே கேட்டது.

"அக்கா, துணி காயப்போட எடமே இல்லாம மாடியையே அடைச்சுக்கினு நிக்குதுக்கா. எங்க ஊட்டுக்காரரு கிட்டப் போனாலே பாயறாரு. நீ எப்படிக்கா உங்க ஊட்ட வுட்டு அனுப்பின?"

தையல்நாயகி மல்லாட்டையைக் கையால் துழாவியபடி சொன்னாள்: "அது ஒண்ணும் கஷ்டமில்ல சவுரி. நாலு பேரு பாக்கற மாதிரி இரும்புக்காரன் வந்துக்கிறான்னு சொல்லிக் கோவத்த மட்டும் கெளப்பி வுடு. ஊட்டு நெட்டக் கட் பண்ணிப்புட்டு, மிச்ச வேலையெல்லாம் அவரே பாத்துக்குவாரு."